வானத்துப் பூட்டும் வீட்டுத் திறப்பும்



இப்பகுதியில் கடன், காணி உறுதி, பிள்ளைகளின் படிப்பு, மனச்சுமை என்று பலவற்றைப் பற்றியும் நாம் பேசுவதுண்டு. இம்மாதம் உங்கள் வீட்டுத் தொலைக்காட்சிக்குப் பக்கத்தில், சிறிய விளக்கொன்று எரிந்தபடி இருக்கும் டிகோடர் பெட்டியைப் பற்றி எழுதுகிறேன். இது என்ன பெரிய விடயம் என்று எண்ணி அடுத்த பக்கத்துக்குப் போய்விடாதீர்கள். அந்தப் பெட்டி எப்படி வேலை செய்கிறது என்பது தெரியாத காரணத்தால், தையலிலும் கச்சான் விற்பனையிலும் கோழி வளர்ப்பிலும் சேர்த்த காசை இழந்த பெண்களை நான் களப்பணியில் சந்தித்து வருகிறேன்.

மீள்குடியேறிய கிராமங்களுக்கு வரும் சிலர், பூசாத சுவரும் தகரக் கூரையுமாக இருக்கும் வீட்டின் மேல் டிஷ் ஒன்றைக் கண்டால் உடனே சிரிப்பார்கள். "சாப்பாட்டுக்கு வழியில்லை என்கிறார்கள், டிஷ் மட்டும் பூட்டியிருக்கிறார்கள்" என்பார்கள். சமூகவியல் படித்தவள் என்ற வகையில் எனக்கு அது சிரிப்புக்குரிய விடயமாகத் தெரிவதில்லை. பொழுது பட்டபின் ஒரு பெண்ணும் இரண்டு பிள்ளைகளும் மட்டுமே இருக்கும் வீட்டில் மனிதக் குரல் கேட்பது ஒரு துணை. "நாடகம் பாக்கிறனோ இல்லையோ, சத்தம் கேட்டுக்கொண்டிருந்தால் வீட்டில ஆள் இருக்கிற மாதிரி" என்று ஒரு சகோதரி என்னிடம் சொன்னார். எனவே தொலைக்காட்சி நல்லதா கெட்டதா என்ற விவாதத்தை இங்கே விட்டுவிடுவோம். காசு கொடுத்து வாங்கும் சேவை எப்படி இயங்குகிறது என்பதை மட்டும் பார்ப்போம்.

கிளிநொச்சி மாவட்டத்தில் ஒரு மாதர் சங்கக் கூட்டம் முடிந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது ஒரு தாயார் கேட்டார்: "பிள்ளை, நான் சந்திக் கடையில காசு கட்டுறன். வானத்தில இருக்கிற செய்மதிக்கு நான் கட்டினது எப்பிடித் தெரியும்?" சுற்றியிருந்த சிலர் சிரித்தார்கள். ஆனால் அது மிகச் சரியான கேள்வி. அதற்கு விடை தெரிந்துவிட்டால் டிகோடரின் கதை முழுவதும் விளங்கிவிடும்.

மழை எல்லார் கூரையிலும் பெய்யும்

முதலில் செய்மதியைப் பார்ப்போம். தொலைக்காட்சிச் செய்மதிகள் பூமியின் நடுக்கோட்டுக்கு மேலே ஏறத்தாழ 36,000 கிலோமீற்றர் உயரத்தில் இருக்கின்றன. அந்த உயரத்தில் ஒரு செய்மதி பூமியைச் சுற்றிவர எடுக்கும் நேரமும், பூமி தன்னைத்தானே ஒருமுறை சுற்ற எடுக்கும் நேரமும் ஒன்று. ஆகவே கீழிருந்து பார்க்கும் எமக்கு அது ஒரே இடத்தில் நிற்பதுபோல இருக்கும். அதனால்தான் டிஷ்ஷை ஒருமுறை சரியாகத் திருப்பிப் பூட்டிவிட்டால் பிறகு அசைக்கத் தேவையில்லை. இவ்வாறு மூன்று செய்மதிகளை நிறுத்தினால் உலகம் முழுவதற்கும் செய்தி அனுப்பலாம் என்று 1945 ஆம் ஆண்டிலேயே ஒரு சஞ்சிகையில் எழுதியவர் ஆதர் சி. கிளார்க். அவர் 1956 இல் இலங்கைக்கு வந்து குடியேறி, 2008 இல் கொழும்பிலேயே காலமானார் என்பதை எம்மில் பலர் அறிந்திருக்கமாட்டோம்.

ஒளிபரப்பு நிலையம் தனது பெரிய டிஷ் மூலம் நிகழ்ச்சியை மேலே அனுப்புகிறது. செய்மதி அதை வாங்கித் திரும்பக் கீழே பொழிகிறது. ஏறி இறங்கும் 72,000 கிலோமீற்றரையும் அந்த அலை கடக்க ஏறத்தாழக் கால் செக்கன் போதும். அவ்வளவு தூரம் வந்த அலை மிகவும் மெலிந்திருக்கும். டிஷ்ஷின் குழிவான தட்டு அதைச் சேர்த்து, முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் சிறிய தலைப் பகுதிக்குக் கொடுக்கிறது. அது அலையைப் பெருக்கி, கேபிள் வழியாகப் பெட்டிக்கு அனுப்புகிறது. பெருமழை பெய்யும்போது படம் சதுரம் சதுரமாக உடைவதற்குக் காரணம், மழைத்துளிகள் அந்த மெலிந்த அலையை இன்னும் மெலியச் செய்வதுதான். மழை விட்டதும் தானாகச் சரியாகிவிடும். அதற்காக யாரையும் கூப்பிட்டுக் காசு கொடுக்க வேண்டாம்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். செய்மதி பொழியும் அலை மழை போன்றது. காசு கட்டியவர் கூரையிலும் விழும், கட்டாதவர் கூரையிலும் விழும். தண்ணீர்க் குழாயை மூடுவதுபோல ஒரு வீட்டுக்கு மட்டும் அதை நிறுத்த முடியாது. பிறகு எப்படிக் காசு வாங்குவது? நிறுவனங்கள் கண்டுபிடித்த வழி, அனுப்பும்போதே படத்தைக் குலைத்துப் பூட்டி அனுப்புவது. பூட்டிய படம் எல்லார் வீட்டுக்கும் வரும். திறப்பு மட்டும் சந்தா கட்டியவருக்குக் கிடைக்கும்.

பழைய காலப் பூட்டுகள்

பிரான்சில் 1984 ஆம் ஆண்டு தொடங்கிய கனால் பிளஸ் என்ற அலைவரிசை, படத்தின் கோடுகளைப் பக்கவாட்டில் தள்ளித் தள்ளி அனுப்பியது. டிகோடர் இல்லாதவர்களுக்குப் படம் கிழித்து ஒட்டிய கடதாசி போலத் தெரிந்தது. வீட்டிலிருந்த டிகோடர், தள்ளிய கோடுகளைப் பழைய இடத்துக்கே இழுத்து வைத்தது.

அமெரிக்காவில் எச்.பி.ஓ. அலைவரிசை 1986 ஜனவரியில் தனது செய்மதி ஒளிபரப்பை முழுமையாகப் பூட்டியது. அதுவரை சொந்த டிஷ் வைத்து இலவசமாகப் பார்த்தவர்கள் மாதம் 12.95 டொலர் கட்ட வேண்டியதாயிற்று. டிஷ் விற்பனை விழுந்தது. டிஷ் வியாபாரம் செய்துவந்த ஒருவர், தான் வேலை பார்த்த செய்மதி நிலையத்தின் கருவியைப் பயன்படுத்தி 1986 ஏப்ரல் 27 அன்று அந்த அலைவரிசைக்குள்ளேயே புகுந்து, கட்டணத்தைக் கண்டிக்கும் வாசகத்தைச் சில நிமிடங்கள் காட்டினார். அவருக்கு 5,000 டொலர் தண்டம் விதிக்கப்பட்டது. கட்டணம் பற்றிய சண்டை எமது ஊரில் மட்டும் உள்ளதல்ல என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

மூன்று திறப்புகள்

இன்று வரும் இலக்கமுறைத் தொலைக்காட்சியில் படமும் ஒலியும் எண்களாக மாற்றப்பட்டு, சிறு சிறு பொட்டலங்களாக அனுப்பப்படுகின்றன. ஒரு பொட்டலத்தில் 188 பைட் அளவு தகவல் இருக்கும். அந்த எண்கள் ஒரு இரகசிய எண்ணின்படி குலைக்கப்படுகின்றன. அதே இரகசிய எண் இருந்தால்தான் அவற்றைத் திரும்ப ஒழுங்குபடுத்தலாம். இதுவே முதலாவது திறப்பு. பல நாடுகளில் பயன்படும் இதற்கான பொது முறை 1994 இல் ஐரோப்பாவில் உருவானது.

இந்த முதலாவது திறப்பு நீண்டநேரம் நிலைப்பதில்லை. வழக்கமாகப் பத்துச் செக்கனுக்கு ஒருமுறையளவில் மாறிக்கொண்டே இருக்கும். பத்துச் செக்கன் என்று கொண்டால் ஒரு நாளைக்கு 8,640 திறப்புகள்! எவராவது ஒன்றைக் கண்டுபிடித்தாலும் அதற்கிடையில் அடுத்த திறப்பு வந்துவிடும்.

இத்தனை திறப்புகளும் உங்கள் பெட்டிக்கு எப்படி வருகின்றன? படத்தோடு சேர்ந்தே வருகின்றன. ஆனால் அவையும் பூட்டிய சிறு உறையில் வைத்தே அனுப்பப்படும். அந்த உறையைத் திறப்பது இரண்டாவது திறப்பு. அது உங்கள் பெட்டியில் செருகியிருக்கும் அட்டைக்குள் இருக்கிறது. வங்கி அட்டையில் பொன்னிறச் சதுரம் ஒன்று இருக்குமல்லவா, அதுபோன்ற சில்லுத்தான் இங்கும் உண்டு. சில புதிய பெட்டிகளில் அட்டை தனியாக இராது. சில்லு பெட்டிக்குள்ளேயே பொருத்தப்பட்டிருக்கும்.

இரண்டாவது திறப்பைச் சந்தாக் காலத்துக்கேற்ப நிறுவனம் புதுப்பித்துக்கொண்டிருக்கும். அதுவும் வானத்தின் வழியே, ஒவ்வொரு அட்டையின் இலக்கத்துக்கும் முகவரியிட்ட செய்தியாக வருகிறது. அந்தச் செய்தியைத் திறக்க மூன்றாவது திறப்பு ஒன்று தேவை. அது அட்டையைச் செய்யும்போதே அதற்குள் வைத்து மூடப்பட்டது. வெளியே எடுக்க முடியாதது.

அம்மம்மாமாரின் காலத்தை நினைத்துப் பாருங்கள். நெல் அறையின் திறப்பு தகரப் பேணிக்குள் இருக்கும். பேணி அலுமாரிக்குள் இருக்கும். அலுமாரித் திறப்பு அம்மம்மாவின் இடுப்பில் இருக்கும். யார் நெல் அறைக்குள் போவதென்றாலும் கடைசியில் அவரிடமே வரவேண்டும். டிகோடரின் ஒழுங்கும் அதே ஒழுங்குதான்.

இப்போது அந்தத் தாயாரின் கேள்விக்கு வருவோம். நீங்கள் காசு கட்டியது செய்மதிக்குத் தெரியாது. அது கடையிலிருந்து நிறுவனத்தின் கணினிக்குத்தான் போகிறது. அந்தக் கணினி "இந்த இலக்க அட்டைக்கு இத்தனையாந் திகதி வரை அனுமதி" என்ற செய்தியைப் பூட்டி, ஒளிபரப்போடு சேர்த்து மேலே அனுப்புகிறது. செய்மதி அதை எல்லார் கூரையிலும் பொழிகிறது. எல்லாப் பெட்டிகளும் அதைக் கேட்கின்றன. தன் இலக்கத்தைக் கண்ட அட்டை மட்டும் அதை எடுத்துக்கொள்கிறது. கிராம அலுவலர் பலகையில் ஒட்டும் பெயர்ப்பட்டியலில் எம் பெயர் இருக்கிறதா என்று பார்ப்பதுபோலத்தான். உங்கள் வீட்டு டிஷ் பொதுவாகக் கேட்க மட்டுமே தெரிந்தது; அது திருப்பிப் பேசாது.

இதை அறிந்தால் என்ன பயன்?

முதலாவது பயன், காசு கட்டியவுடன் பெட்டியை அணைத்து வைக்காமல் இருப்பது. அனுமதிச் செய்தி வரும்போது பெட்டி விழித்திருக்க வேண்டும். நிறுவனங்கள் அச்செய்தியைச் சிறிது காலம் திரும்பத் திரும்ப அனுப்பும். ஆனால் கூலி வேலைக்கோ ஆஸ்பத்திரிக்கோ போய்ப் பல நாட்கள் பெட்டியை அணைத்து வைத்திருந்தால் அது தவறிப் போகலாம். அப்போது படம் வராது. பெட்டி பழுதாகிவிட்டது என்று அழ வேண்டாம். காசு கட்டிய அலைவரிசையில் வைத்து அரை மணித்தியாலம் விட்டுப் பாருங்கள். வராவிட்டால் வாடிக்கையாளர் சேவைக்கு அழைத்து, அட்டை இலக்கத்தைச் சொல்லி, அனுமதிச் செய்தியை மீண்டும் அனுப்பும்படி கேளுங்கள்.

இரண்டாவது, திரையில் வரும் வாசகத்தைப் பிரித்து அறிவது. அலை கிடைக்கவில்லை என்று வந்தால் கோளாறு டிஷ், கேபிள் அல்லது மழை. அட்டை இல்லை, சந்தா இல்லை, அனுமதி இல்லை என்று வந்தால் டிஷ் நன்றாகத்தான் இருக்கிறது. கோளாறு கணக்கில் அல்லது அட்டையில். வாசகம் ஆங்கிலத்தில் வந்தால் படிக்கும் பிள்ளையிடம் காட்டி ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். அனுமதி இல்லாத குறைக்கு டிஷ்ஷைத் திருப்பிக் கூலி வாங்குபவர்களையும், சந்தா முடிந்ததற்குப் புதுப்பெட்டி விற்பவர்களையும் நான் கண்டிருக்கிறேன். அட்டையை வாசிக்க முடியவில்லை என்று வந்தால், மின்சாரத்தை நிறுத்தி, அட்டையை எடுத்து, பொன்னிறப் பகுதியை உலர்ந்த மெல்லிய துணியால் துடைத்துத் திரும்பச் செருகிப் பாருங்கள். பல தடவை அதுவே போதும்.

மூன்றாவது பயன், ஏமாற்றுக்காரரை அடையாளம் காண்பது. "ஒருக்கா மட்டும் காசு தாங்கோ அக்கா, ஆயுசுக்கும் எல்லா அலைவரிசையும் வரும்" என்று சொல்லிக்கொண்டு எவராவது படலையைத் திறந்தால், மேலே சொன்ன மூன்று திறப்புகளையும் நினைத்துக்கொள்ளுங்கள். மாறிக்கொண்டே இருக்கும் திறப்பை ஆயுளுக்கும் எப்படி ஒருவர் விற்க முடியும்? அமெரிக்காவில் டிரெக்ட் ரி.வி. நிறுவனத்தின் அட்டைகளைத் திருத்தி விற்கும் கள்ளச் சந்தை ஒரு காலத்தில் பெரிதாக இருந்தது. அந்த நிறுவனம் வானத்தின் வழியே சிறிது சிறிதாகக் கட்டளைகளை அனுப்பிவந்து, 2001 ஜனவரி 21 ஞாயிற்றுக்கிழமை அன்று அவற்றை இயக்கியது. ஏராளமான கள்ள அட்டைகள் ஒரே நாளில் செத்துப்போயின. வாங்கியவர்கள் யாரிடம் போய் முறையிடுவது? விற்றவர்களும் தலைமறைவு.

எமது பகுதியில் சிலர் இந்தியாவுக்குரிய டிஷ் இணைப்புகளையும் வாங்குகிறார்கள். செய்மதி அலை பாக்குநீரிணையில் நின்றுவிடுவதில்லை, ஆகவே படம் வரும். ஆனால் அந்த அனுமதி இந்தியாவில் உள்ள முகவரிகளுக்குரியது. இடையில் இருப்பவர் வேறொரு முகவரியில் பதிந்து தருவார். இணைப்பு நின்றால் உங்கள் பெயர் எங்கும் இராது, பற்றுச்சீட்டும் இராது.

பூட்டு இல்லாத ஒளிபரப்பும் உண்டு என்பதையும் அறிந்துகொள்ளுங்கள். அலை கிடைக்கும் இடங்களில் ரூபவாஹினி, சக்தி, வசந்தம் போன்றவற்றைச் சாதாரண அன்ரெனாவிலேயே சந்தா இல்லாமல் பார்க்கலாம். போரில் அழிந்த கொக்காவில் கோபுரத்துக்குப் பதிலாக 2011 இல் திறக்கப்பட்ட புதிய கோபுரம் வன்னிக்கும் அலையைக் கொண்டுவந்தது. கைக்குக் காசு வராத மாதத்தில் இதுவும் ஒரு வழி. தொலைக்காட்சிச் சந்தாவுக்காக நுண்கடன் எடுக்க வேண்டிய தேவை எவருக்கும் இல்லை.

திறப்பு யார் பெயரில்?

கடைசியாக ஒரு விடயம். இதை எழுதத் தூண்டியதும் அதுவே. முல்லைத்தீவு மாவட்டத்தில் ஒரு சகோதரி. பக்கத்து ஊர் உறவினர் ஒருவர், 2009 இல் காணாமற்போன அவரது கணவரின் பழைய அடையாள அட்டைப் பிரதியைக் கொடுத்து, கணவரின் பெயரிலேயே டிஷ் இணைப்பை எடுத்துக் கொடுத்திருந்தார். சில வருடங்களின் பின் அட்டை பழுதானது. மாற்று அட்டை கேட்டு நகரத்து விற்பனை நிலையத்துக்குப் போனபோது, பதிவுசெய்தவர் நேரில் வரவேண்டும், இல்லாவிட்டால் மரணச் சான்றிதழ் வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள்.

"நான் நட்டஈட்டுக்கே அந்தக் கடுதாசியை எடுக்கேல்லை அக்கா. ரீவிக்கு எடுப்பனோ?" என்று என்னிடம் கேட்டார். அவர் குரலை உயர்த்தவில்லை. ஆனால் அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை. கவுண்டரில் இருந்த பிள்ளைக்கு அது ஒரு படிவத்தின் ஒரு வரி. இவருக்கு அது பதினைந்து வருடங்களாகக் கையெழுத்திட மறுத்துவரும் வரி.

விடை உண்மையில் எளிதாக இருந்தது. டிகோடருக்குக் கணவர் யார், மனைவி யார் என்று தெரியாது. அதற்குத் தெரிந்தது ஒரு அட்டை இலக்கம் மட்டுமே. அந்த இலக்கம் யார் பெயரில் இருக்க வேண்டும் என்பது அலுவலகப் பதிவேட்டில் உள்ள விடயம். பழைய இணைப்பை அப்படியே விட்டுவிட்டு, தனது தேசிய அடையாள அட்டையைக் கொடுத்து, தனது பெயரில் புதிய அட்டை எடுக்க முடியுமா என்று மேலாளரிடம் எழுத்தில் கேட்டோம். முடியும் என்றார்கள். எவருடைய மரணத்தையும் எவரும் உறுதிப்படுத்த வேண்டியிருக்கவில்லை.

ஆகவே சகோதரிகளே, எந்த இணைப்பை எடுத்தாலும் உங்கள் பெயரிலேயே எடுங்கள். மின்சாரம், தொலைபேசி, தொலைக்காட்சி யாவற்றுக்கும் இது பொருந்தும். தம்பியின் பெயரில், மாமாவின் பெயரில், கடைக்காரரின் பெயரில் எடுத்தால் திறப்பு அவர்கள் கையில் என்றுதான் பொருள். அட்டை இலக்கத்தை ஒரு கொப்பியிலும் நாட்காட்டியின் பின்புறத்திலும் எழுதி வையுங்கள். காசு கட்டும் ஒவ்வொரு முறையும் பற்றுச்சீட்டை வாங்குங்கள்; கையடக்கத் தொலைபேசிக்கு வரும் குறுஞ்செய்தியை அழிக்காதீர்கள். முற்கொடுப்பனவு இணைப்பாயின், பெட்டியை அணைத்து வைத்தாலும் நாட்கள் கழியுமா என்று முன்கூட்டியே கேளுங்கள். எவராவது ஏமாற்றினால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்து முறையிடலாம்.

இவையெல்லாம் ஆண்பிள்ளைகளின் வேலை, எமக்கு விளங்காது என்று சொல்லும் சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. 1990களில் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லாத காலத்தில், சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, டைனமோவைச் சுற்றி வானொலி கேட்ட வீடுகள் எத்தனை! ஒருவர் மிதியைச் சுற்ற, இன்னொருவர் காதை வைத்துச் செய்தி கேட்டுச் சொன்ன வீடுகளில் பெண்களும் இருந்தார்கள். அந்தக் கைகளுக்கு இந்தச் சிறிய பெட்டி ஒன்றும் பெரிதல்ல.

உங்கள் சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் இந்தப் பக்கத்தை ஒருவர் சத்தமாக வாசிக்க, மற்றவர்கள் தத்தமது அட்டை இலக்கத்தையும் அது யார் பெயரில் இருக்கிறது என்பதையும் எழுதிக்கொண்டு வாருங்கள். பெயர் மாற்ற வேண்டியவர்கள் சேர்ந்தே போங்கள். தனியாகப் போகும்போது நீளும் வரிசை, ஐந்துபேராய்ப் போகும்போது சற்றுக் குறையும்.